நடுவீட்டு நாயும் வெண்பனியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவிலே பேசுவோர் பெரும்பொருள்களை எடுத்துக்கொள்வது வழக்கம். புலம்பெயர் இலக்கியத்தின் போக்கு, தமிழ்க் கவிதையின் எதிர்காலம் என்பன போன்ற தலைப்புகள் இவ்வரங்கிற்குப் பொருந்துவனவே. நானோ மிகச் சிறிய பொருள் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். கடும்பனி கொட்டும் ஒரு நாளில் வீட்டில் நாய்களுடன் இருத்தல் என்பதே அது. இது கவிதைக்கு உரிய பொருள்தானா, உரியதாயின் தமிழில் அதை எவ்வாறு பாடுவது என்பதே நான் ஆராயப் புகும் வினா. பொருள் சிறிதாயினும் அதனுள்ளே நாம் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று இருக்கிறது என்பது என் துணிபு.

இந்தப் பத்தாண்டுகளில் நம் கூட்டங்களில் படிக்கப்பட்ட கவிதைகளை நினைத்துப் பாருங்கள். பனி வராத கூட்டம் அரிது. அது கைம்பெண்ணின் வெள்ளைச் சேலையாக வந்தது; பிணத்துக்குப் போர்த்திய துணியாக வந்தது; எழுதப்படாத தாளாக வந்தது; ஊரை மறைத்த திரையாக வந்தது. பனி பனியாக வந்தது மிகக் குறைவு. இதைக் குற்றமாக நான் கூறவில்லை. 1983க்குப் பின்னர் கையில் ஒரு பையுடன் இந்நாட்டில் வந்திறங்கியவருக்கு முதலில் தெரிந்தது இழப்பே. பனி அந்த இழப்பின் நிறமாக அமைந்தது. 1994இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்த சிறுகதைத் தொகுதி 'பனியும் பனையும்' என்று பெயர் பெற்றது. ஒலியால் அண்டை வீட்டுக்காரரான இவ்விரு சொற்களும் ஒரு தலைமுறையின் இரு நிலங்களைக் குறித்து நின்றன.

ஆனால் அந்தத் தலைப்பை மீண்டும் எண்ணும்போது வேறொன்று தோன்றுகிறது. பனைக்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! வடலி, குருத்து, ஓலை, மட்டை, கருக்கு, பன்னாடை, பாளை, நுங்கு, பூரான், கிழங்கு, ஒடியல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பனிக்கோ ஒரே சொல். மரத்தோடு வாழ்ந்தோம், ஆகவே அதன் உறுப்புகளுக்குப் பெயரிட்டோம். பனியை யன்னலுக்கு அப்பால் நிறுத்தியே பார்த்து வருகிறோம். ஆகவே அது பெயரின்றிக் கிடக்கிறது.

பனி என்னும் சொல் வறியதன்று. முன்பனி, பின்பனி எனப் பெரும்பொழுது ஆறில் இரண்டைப் பனிக்குக் கொடுத்த மரபு நம்முடையது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும், பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் வகுத்தார்கள். பனித்தல் என்ற வினைக்கு நடுங்குதல், கண்ணீர் துளித்தல் என்ற பொருள்களும் உண்டு. குளிர் உடம்பில் செய்வதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சொல் இது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியும் அந்த அனுபவத்தில் பிறந்ததே.

எனினும் முன்னோர் கண்ட பனி புல்நுனியில் நிற்பது. வெயில் ஏற மறைவது. நாம் காணும் பனி முழங்கால் அளவு கிடப்பது, வாரக்கணக்கில் தங்குவது. 1999 ஜனவரியில் ரொறன்ரோவில் அடுத்தடுத்துக் கொட்டிய பனியை அகற்ற அன்றைய நகர முதல்வர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை அழைத்தார். இராணுவம் தெருவுக்கு வருவது என்றால் என்னவென்று அறிந்திருந்த நம்மவர்கள், மண்வாரியுடன் வந்து வழி திறந்துவிட்ட இராணுவத்தை அன்று கண்டார்கள். அந்தக் காட்சி ஒன்றே ஒரு நெடுங்கவிதைக்குப் போதும்.

இந்தப் பனியிலும் எத்தனை வகை! காற்றில்லா வேளையில் இறகுபோல் இறங்குவது ஒன்று. ஈரமும் கனமும் கொண்டு கையில் உருண்டையாவது ஒன்று. கடுங்குளிரில் அரிசிமாவுபோல் உதிர்ந்து காற்றோடு தரையில் ஓடுவது ஒன்று. பகலில் இளகி இரவில் இறுகியதால் மேலே ஓடு கட்டி உள்ளே பொடியாய் இருப்பது ஒன்று. சக்கரங்கள் மிதித்துச் சாம்பல்நிறக் கூழானது ஒன்று. தார்த்தெருவில் கண்ணுக்குப் புலப்படாத கண்ணாடிப் படலமாய் நின்று ஆளை வீழ்த்துவது ஒன்று. இவை அனைத்தையும் நம் காலும் முதுகும் அறியும். நம் கவிதை அறியவில்லை.

குளிரைப் பாடும் முறையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நக்கீரர் அதை நெடுநல்வாடையில் செய்து வைத்திருக்கிறார். 188 அடி கொண்ட அந்தப் பாட்டில் வாடையின் கொடுமையை அவர் எவ்வாறு காட்டுகிறார்? குளிர் கொடியது என்று வருணித்து நிறுத்தவில்லை. உயிர்களின் உடம்பில் குளிர் செய்வதை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். கோவலர் நெருப்பில் கைகாட்டியும் பல் நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்குகள் கூனிக் குறுகுகின்றன. பறவைகள் கிளையிலிருந்து விழுகின்றன. பாலுண்ண வந்த கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. பின்னர் ஊருக்குள் வருகிறார். சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. விசிறியில் சிலந்தி நூல் கட்டுகிறது. கதிரவன் தெரியாததால் பிச்சி அரும்பு மலர்ந்ததைக் கொண்டு மகளிர் மாலைப்பொழுதை அறிகின்றனர். வீட்டில் வாழும் சேவற்புறா தன் பெடையோடு வெளியே சென்று இரைதேட மாட்டாமல், இரவு பகல் தெரியாமல், செயலற்று இருக்கிறது.

அந்த மனைப்புறாவிடம் சற்று நில்லுங்கள். தலைவியின் துயரத்தைச் சொல்ல வந்த பாட்டு, அதற்கு முன்னே ஒரு புறாவின் திகைப்பைப் பார்க்க நேரம் ஒதுக்குகிறது. புறா அங்கே தலைவிக்கு உவமையாக நிற்கவில்லை. தன் குளிரில் தானாக நிற்கிறது. அதனாலேயே பின்னர் வரும் தலைவியின் துயரத்தை நாம் நம்புகிறோம். நமது வீடுகளில் இன்று அந்தப் புறாவின் இடத்தில் இருக்கும் உயிர் எது? பலர் வீட்டில் அது நாய்.

நாய்க்குத் தமிழில் இடம் உண்டு. ஞமலி, ஞாளி என்று சங்கச் செய்யுட்களில் அது வேட்டுவரோடு ஓடுகிறது. மாணிக்கவாசகர் தம்மையே நாய் என்று மீண்டும் மீண்டும் தாழ்த்திக்கொள்கிறார். ஏச்சுக்கும் அச்சொல்லே, பணிவுக்கும் அச்சொல்லே. நன்றிக்கு உவமை நாய்; இழிவுக்கு உவமையும் நாய். இரண்டிலும் அதன் இடம் வாசலுக்கு வெளியே. அது முற்றத்தின் உயிர். திண்ணைக்குக் கீழே படுப்பது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு தன் வழியே போகும் என்று பழமொழி சொல்கிறது. நாயை நடுவீட்டில் வைத்தலை நடவாத செயலுக்கும் வீண்முயற்சிக்கும் எடுத்துக்காட்டாகக் கொண்ட மொழி நம்முடையது.

ஆயினும் மரபு ஒருமுகமானதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, 7ஆம் நூற்றாண்டினது. ஆநிரைப் போரில் பட்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அவன் நாயையும் அக்கல்லில் செதுக்கினார்கள். கோவிவன் என்ற அதன் பெயரையும் வெட்டி வைத்தார்கள். 1925 ஜனவரி இறுதியில், அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, இருபது ஓட்டுநரும் ஏறத்தாழ 150 நாய்களும் மாறிமாறி ஓடி, 1,085 கிலோமீற்றர் பனிவழியை ஐந்தரை நாளில் கடந்து மருந்து கொண்டுவந்து சேர்த்தனர். கடைசிக் கட்டத்தில் முன்னோடிய போல்ற்றோ என்ற நாய்க்கு அவ்வாண்டிலேயே நியூயோர்க் நகரின் பூங்காவில் சிலை வைத்தார்கள். மிக நீண்ட கட்டத்தை ஓடியது டோகோ என்ற வேறொரு நாய். புகழ் எப்போதும் ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்தவருக்கே போகும் போலும். நாய்க்குக் கல்லெடுக்கும் அந்தச் செயலை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்த குடியில் வந்தவர்கள் நாம்.

பனியும் நாயும் ஒருங்கே வரும் இடம் ஒன்றும் நம் கதைமரபில் உண்டு. மகாபாரதத்தின் 17ஆம் பருவத்தில் பாண்டவர் இமயம் ஏறுகின்றனர். பாஞ்சாலி விழுகிறாள், தம்பியர் ஒவ்வொருவராக விழுகின்றனர். இறுதிவரை தருமனோடு நடப்பது பின்தொடர்ந்து வந்த ஒரு நாய். தேருடன் வந்த இந்திரன் நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்கிறான். அடைக்கலமாக வந்ததை விட்டு வரமாட்டேன் என்று தருமன் மறுக்கிறான். அந்த நாய் அறக்கடவுளே என்று கதை முடிகிறது. எனக்கோ, அது அறக்கடவுள் என்று தெரியுமுன்பே தருமன் மறுத்தான் என்பதுதான் அக்கதையின் உயிர். அவன் மறுத்தது ஒரு வெறும் நாய்க்காக.

இனி வீட்டுக்கு வருவோம். எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். மூத்தது குறுமயிர் கொண்டது, பன்னிரண்டு வயது. இளையது ஹஸ்கி இனக் கலப்பு, மூன்று வயது. பெப்ரவரி மாதத்தில் பனி கொட்டும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பனி விழுந்திருப்பதைக் காலையில் முதலில் அறிவிப்பது காது. புதுப்பனியின் பெரும்பகுதி காற்று; அந்த நுண்துளைகள் தெருவின் ஒலியை விழுங்கிவிடுகின்றன. அடுத்து, பனியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் கூரையின் உட்புறத்தில் வந்து நிற்கிறது. இளைய நாய் அதற்குள் கதவடியில் நிற்கும்.

கதவைத் திறந்ததும் இரண்டும் இரண்டு பனியைக் காண்கின்றன. இளையது மார்பளவு பனியில் பாய்ந்து, மூக்கால் உழுது, வாயால் அள்ளி, காரணமே இல்லாமல் வட்டமிட்டு ஓடுகிறது. அதன் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே இருக்கிறது. உள்மயிரின் அடர்த்தி உடற்சூட்டை வெளியே விடாததே காரணம். மூத்தது படியில் ஒரு பாதத்தை வைக்கிறது, எடுக்கிறது, திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறது. நாய் வெறுங்காலோடு பனியில் நிற்பது எவ்வாறு என்று நம்மில் பலர் வியந்திருப்போம். பாதத்துக்குப் போகும் சூடான குருதி, அங்கிருந்து குளிர்ந்து திரும்பும் குருதிக்கு வழியிலேயே சூட்டைக் கொடுத்துவிடுகிறது என்று ஜப்பானிய ஆய்வொன்று 2011இல் விளக்கியது. போகும் குழாயும் வரும் குழாயும் ஒட்டிக் கிடப்பதால் இது இயல்கிறது. ஆனாலும் சுழியத்துக்குக் கீழ் 15 பாகைக்குப் போய்விட்டால், குறுமயிர் நாய்க்கு அதுவும் போதுவதில்லை. நான்கு கால்களையும் மாறிமாறித் தூக்கி, இறுதியில் மூன்று காலில் நின்று நடுங்குகிறது. பனித்தல் என்ற வினையின் பழம்பொருளை எனக்குக் கற்பித்த ஆசான் அந்த நாயே.

திரும்பி வந்ததும் வேலை தொடங்குகிறது. நடைபாதையில் பனி உருகத் தூவும் உப்பு விரலிடுக்கில் புகுந்து எரிக்கும். நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். ஆகவே வாசலிலேயே இளஞ்சூட்டு நீரில் ஒவ்வொரு காலாகக் கழுவவேண்டும். இளையதன் தொடைமயிரில் திரண்ட பனியுருண்டைகளைக் கையில் பிடித்து உருக்கவேண்டும். துவாலையால் துடைத்து உள்ளே விட்டால், இரண்டும் கூடத்தின் நடுவே வெப்பக்காற்று மேலெழும் தரைத்துளையை நாடிப் போகின்றன. மூத்ததற்கு அதன்மேல் இடம். இளையதற்கு அதன் அருகே. ஈரமயிரின் மணம் வீடெங்கும் பரவுகிறது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைக்கும் செயல், பழமொழி நடவாது என்று சொன்ன அதே செயல், இந்த ஊரில் பனிக்கால முழுவதும் நாள்தோறும் மூன்று முறை நடக்கிறது.

புறத்துக்கு உரியதாக நாம் வைத்திருந்த உயிரைப் பனி அகத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. அகத்துக்குள் ஒடுங்கியிருந்த நம்மை, அந்த உயிர் நாளுக்கு மூன்று முறை புறத்துக்கு இழுத்துச் செல்கிறது. நாய் இல்லாதவர் பனிநாளில் யன்னலடியில் இருந்துவிடலாம். நாய் உள்ளவர் இருக்கமுடியாது. பனியை யன்னலில் நின்று பாடுவதற்கும் வாசலில் நின்று பாடுவதற்கும் உள்ள வேறுபாட்டையே நான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வாசலில் நின்றவர் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பனி விழுந்த காலையில் கொல்லைப்புறம் முழுவதும் தடங்கள். முயல் வேலியோரம் வந்து போயிருக்கிறது. அதன் பின்கால் தடம் முன்கால் தடத்துக்கு முன்னே விழுந்திருக்கிறது. அணில் மரத்திலிருந்து மரத்துக்குத் தாவியிருக்கிறது. குழந்தையின் கைபோன்ற தடம் ரக்கூனுடையது. இவை பனி விழுந்த நாளில் மட்டும் வந்தவையல்ல. நாள்தோறும் வந்து போயிருக்கின்றன. நாய் அதை நாள்தோறும் மூக்கால் படித்துக்கொண்டிருந்தது. நிலத்தை முகர்ந்துகொண்டே நின்ற நாயை, வா வா என்று கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். பனி விழுந்த நாளில் மட்டுமே, நாய் படிக்கும் ஏட்டின் ஒரு பக்கத்தை நாம் கண்ணால் படிக்கிறோம். மூடி மறைப்பது என்று நம் கவிதைகள் சொல்லிவந்த பனி, இங்கே மறைந்திருந்ததை எழுதிக் காட்டுகிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மூத்த நாய் நான், இளைய நாய் என் மகன். ஒருவருக்குப் பனி வதை, மற்றவருக்கு விளையாட்டு என்று எழுதிவிட எனக்கும் கை துடிக்கிறது. எழுதலாம், கைதட்டும் கிடைக்கும். ஆனால் எழுதிய கணமே நாய் போய்விடும்; மீண்டும் நாமே மிஞ்சுவோம். நக்கீரரின் புறா புறாவாகவே இருந்ததை இங்கே நினைவுகொள்ள வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கடனுக்கு வருகிறேன். பனியும் பனி சார்ந்த இடமும் தமிழின் ஆறாந்திணை என்று நம்மிடையே பெருமிதத்தோடு பேசுகிறோம். திணை என்றால் நிலம் மட்டுமா? அதற்கு முதல் உண்டு, கரு உண்டு, உரி உண்டு. கருப்பொருளில் அந்நிலத்து மாவும் புள்ளும் மக்களும் அடங்குவர். நாம் வருமுன்பே இந்தப் பனிநிலத்துக்கு மக்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நாய்கள் இருந்தன. இனுயிற் மக்களுக்கு நாய் செல்லப்பிராணியாக மட்டும் இருந்ததில்லை. வேட்டைக்குப் போகும் வண்டியை இழுப்பது அது; வெண்புயலில் வழி தெரியாதபோது வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதும் அது. 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1960களின் இறுதிவரை, கியூபெக்கின் வடக்கேயுள்ள நுனாவிக் பகுதியில் அந்த நாய்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டன. நாய் போனதும் வேட்டை போயிற்று. வேட்டை போனதும் வாழ்ந்த முறையே போயிற்று. அந்தக் கொலையில் தனக்கிருந்த பங்குக்காகக் கனடிய அரசு 2024 நவம்பர் 23ஆம் நாள் நுனாவிக்கில் மன்னிப்புக் கேட்டது. நாலரைக் கோடி டொலர் இழப்பீட்டையும் அறிவித்தது. அரசின் சார்பில் அம்மன்னிப்பைக் கேட்டவர் அன்று அமைச்சராக இருந்த கரி ஆனந்தசங்கரி. ஈழத்திலே பிறந்து, ஸ்காபரோவிலிருந்து நாடாளுமன்றம் சென்ற தமிழர்.

இந்தச் செய்தியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நிலத்தை இழந்து வந்த ஓர் இனத்தின் மகன், பனிநிலத்து மக்கள் முன் நின்று, கொல்லப்பட்ட நாய்களுக்காக மன்னிப்புக் கேட்கிறார். இதைவிடப் பெரிய காப்பியப் பொருள் நம் காலத்தில் நமக்குக் கிடைக்குமா? ஆயினும் பனியை வெறுமையென்றும் பிணத்துணியென்றும் பாடிவரும் வரையில் இப்பொருளை நம்மால் தொடவே இயலாது. வெறுமையான நிலத்தில் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அங்கே உயிர்கள் இருந்தன, இருக்கின்றன என்று காண்பதே முதற்படி. அந்தப் பழக்கத்தை நம் வீட்டு வாசலில், நடுங்கும் ஒரு நாயின் காலைக் கழுவும்போது தொடங்கலாம்.

நம் பிள்ளைகளையும் எண்ண வேண்டும். அவர்களுக்குப் பனி இழப்பின் படிமமன்று. பள்ளிப் பேருந்து ஓடாத நாள். அவர்கள் நாயோடு பனியில் புரண்டு, கன்னம் சிவந்து, உள்ளே வந்து கதை சொல்லத் தொடங்குகிறார்கள். இரண்டாம் வாக்கியத்திலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். தமிழ்ப்பற்று இல்லாமையால் அன்று. சொல்லவந்த பனிக்கும், சறுக்கலுக்கும், நாயின் காலில் திரண்ட உருண்டைக்கும் நாம் சொல் கொடுக்கவில்லை. தம் வாழ்வின் மகிழ்ச்சியான நாளைச் சொல்ல முடியாத மொழியைப் பிள்ளைகள் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? துயரத்தின் மொழியாக மட்டும் தமிழை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை.

ஆகவே கவிஞர்களிடம் என் வேண்டுகோள் இது. வரும் பத்தாண்டுகளில் பனிக்குப் பெயரிடுங்கள். தூவல், மாப்பனி, ஓட்டுப்பனி, கூழ்ப்பனி, கண்ணாடிப்பனி என்று நான் சொல்லிப் பார்க்கிறேன்; இவை நில்லாமற் போகலாம். நீங்கள் ஆக்குவன நிற்கட்டும். பனைக்கு உறுப்புத்தோறும் பெயர் வைத்தவர் எந்தப் புலவரும் அல்லர். ஏறியவரும் சீவியவரும் கிழங்கு கிண்டியவரும்தான். பனிக்கும் பெயர்கள் அள்ளுபவரிடமிருந்தும் வழுக்கி விழுந்தவரிடமிருந்தும் நாயோடு நடப்பவரிடமிருந்தும்தான் வரும். அவர்களில் சிலர் கவிஞராகவும் இருப்பது இந்த வட்டத்தின் நற்பேறு.

அடுத்த பெரும்பனி நாளில் யன்னலை விட்டு எழுந்து கதவைத் திறவுங்கள். நாய் முன்னே போகட்டும்.